தேள் வாலுக்கு மேல ஒரு பட்டாம்பூச்சி: எம்6 நட்சத்திரக் கொத்தை டெலஸ்கோப்ல படம் எடுக்கறது எப்படி

டெலஸ்கோப்பும் கேமராவும் கைக்கு வந்ததும் எல்லாரும் முதல்ல ஓடறது ஓரியன் நெபுலா பக்கம், இல்லன்னா ஆண்ட்ரோமீடா கேலக்ஸி பக்கம். என்கிட்ட கேக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், முதல்ல ஒரு ஓப்பன் கிளஸ்டர் எடுங்க, அதாவது ஒண்ணா சேந்து கிடக்கற நட்சத்திரக் கொத்து. நெபுலாவும் கேலக்ஸியும் மங்கலா பரவிக் கிடக்கற வெளிச்சம், ஊர் விளக்கு கொஞ்சம் இருந்தாலே அதுல கரைஞ்சு போயிடும். கொத்துல இருக்கறது புள்ளி புள்ளியா நட்சத்திரம், பின்னாடி வானம் கொஞ்சம் வெளுத்துப் போனாலும் புள்ளி புள்ளியாவே நிக்கும், அதனால டவுன்ல மொட்டை மாடியிலேர்ந்து எடுத்தாக்கூட பாக்கற மாதிரி ஒரு படம் கிடைக்கும்.

ஆனா இது சுலபமான டார்கெட்னு நினைச்சுடாதீங்க. நெபுலா படத்துல ஃபோகஸ் லேசா தப்பினாலும் கண்ணுக்குத் தெரியாம போகலாம், கொத்துல மறைக்கவே முடியாது, ஏன்னா படம் முழுக்க நட்சத்திரம் மட்டும்தான் இருக்கு. ஃபோகஸ், ட்ராக்கிங், நிறம் இந்த மூணும் சரியா வந்தாதான் கொத்து கொத்தா தெரியும். அதுலயும் நிறம்தான் உயிர். ஒரு கொத்துல எல்லா நட்சத்திரமும் ஒரே வெள்ளையா இருந்தா அது உப்பு கொட்டின மாதிரி இருக்கும், அவ்ளோதான்.

நான் எடுத்துக்கிட்ட உதாரணம் மெஸ்ஸியர் 6, பட்டாம்பூச்சிக் கொத்துனு சொல்றது, என்ஜிசிங்கற இன்னொரு பட்டியல்ல நம்பர் 6405. விருச்சிக ராசியில, தேளோட கொடுக்குக்கு மேல இருக்கு. இதை தேர்ந்தெடுத்ததுக்கு காரணம் இருக்கு. பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெஸ்ஸியர் 1764ல பாரிஸ்லேர்ந்து இதையும் பக்கத்துல இருக்கற எம்7ஐயும் தன்னோட பட்டியல்ல சேர்த்தார், அவருக்கு எம்7 உச்சத்துக்கு வர்றப்பவே அடிவானத்துக்கு மேல 6 டிகிரிதான். நமக்கு திருச்சியிலேர்ந்து பாத்தா எம்6 கிட்டத்தட்ட 47 டிகிரி உயரத்துக்கு வரும். ஐரோப்பாக்காரங்க மரத்துக்கு நடுவுல தேடற பொருள் நமக்கு பாதி வானத்துல தொங்குது, இதை விட்டுட்டு வடக்கு வானத்துப் பொருளையே துரத்திக்கிட்டு இருக்கறது எனக்கு மனசு கேக்கல. காவலூர்ல ஜவ்வாது மலை மேல வைனு பாப்பு அப்சர்வேட்டரி வந்ததுக்கும் தெற்கு வானம் நல்லா தெரியறது ஒரு காரணம்.

எப்படி கண்டுபிடிக்கறது? கேட்டை நட்சத்திரம் தெரியுமில்லையா, சிவப்பா மினுக்கறது, அதுதான் தேளோட நெஞ்சு. அதுலேர்ந்து உடம்பு வளைஞ்சு கீழ இறங்கி திரும்ப மேல ஏறி கொடுக்குல முடியும், கொடுக்குல ஜோடியா ரெண்டு நட்சத்திரம் ஒட்டின மாதிரி இருக்கும், நம்ம மூலம் நட்சத்திரம் அங்கதான். தெற்கு பாத்து நின்னு கையை நீட்டி மூணு விரலை சேத்து வெச்சா சுமார் 5 டிகிரி, கொடுக்குலேர்ந்து நேரா மேல அந்த அளவு போனா எம்6, இடது கைப்பக்கம் அதே அளவு போனா எம்7. மலை மேல இருந்தா ரெண்டும் வெறும் கண்ணுக்கே புகை மாதிரி தெரியும், டவுன்ல இருந்தா ஒரு பைனாகுலர் வேணும்.

நேரம் ரொம்ப முக்கியம். விருச்சிகம் நடுராத்திரி உச்சத்துக்கு வர்றது ஜூன்ல, ஆனா அப்ப தென்மேற்கு மழை மேகம் வந்துடும், மேற்கு மலைப் பக்கம் இருக்கறவங்களுக்கு வானமே கிடைக்காது. அதனால நான் மார்ச்லேர்ந்து மே நடு வரைக்கும் விடியக்காலைல எடுப்பேன். ஏப்ரல் நடுவுல எம்6 தெற்கு உச்சத்துக்கு வர்றது சுமார் 4:20 மணிக்கு, மே நடுவுல சுமார் 2:25க்கு. அமாவாசையை ஒட்டின ஒரு வாரத்தை பிடிச்சுக்கோங்க. ராத்திரி 1 மணிக்கு எழுந்து போய் செட் பண்றதைவிட சாயந்திரமே போய் செட் பண்ணிட்டு அங்கயே தூங்கறது நல்லது, தூக்கக் கலக்கத்துல டெலஸ்கோப்ப அதைத் தாங்கற மவுண்ட் மேல ஏத்தறது ஆபத்து.

என்ன டெலஸ்கோப் வேணும்? எம்6 வானத்துல சுமார் 25 ஆர்க்மினிட் அகலம் (60 ஆர்க்மினிட் ஒரு டிகிரி), முழு நிலாவை விட கொஞ்சம் சின்னது. என்கிட்ட இருக்கறது 6 இஞ்ச் நியூட்டோனியன், கண்ணாடி வெச்ச டெலஸ்கோப், 750 மில்லிமீட்டர் ஃபோகல் லெங்த், எஃப்5. ஏபிஎஸ்-சி சென்சார் இருக்கற டிஎஸ்எல்ஆரை மாட்டினா 1.7 டிகிரிக்கு 1.1 டிகிரி வானம் உள்ள வரும், கொத்து நடுவுல உக்காந்து சுத்தி தாராளமா இடம் இருக்கும். அந்த இடம் வேணும், ஃப்ரேம் முழுக்க கொத்தை அடைச்சா அது எங்க முடியுது எங்க ஆரம்பிக்குதுனு தெரியாது, கொத்துங்கற உணர்வே போயிடும். 80 மில்லிமீட்டர் ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்) 480 ஃபோகல் லெங்த்ல இருந்தாலும் அருமையா வரும், அதுக்கு எம்7 இன்னும் பொருத்தம், ஏன்னா அது 80 ஆர்க்மினிட் பரந்து கிடக்கு. 2000 மில்லிமீட்டர் ஃபோகல் லெங்த் இருக்கற பெரிய டெலஸ்கோப்ப இதுக்கு எடுக்காதீங்க, கொத்து ஃப்ரேமை அடைச்சுக்கிட்டு நிக்கும், சுத்தி இடமே இருக்காது, ட்ராக்கிங் தப்பு எல்லாம் பெருசாத் தெரியும்.

நியூட்டோனியன் வெச்சிருக்கறவங்க கோமா கரெக்டர் போடுங்க, இல்லன்னா ஓரத்து நட்சத்திரம் எல்லாம் வால் முளைச்ச மாதிரி வரும். கரெக்டர்லேர்ந்து சென்சார் வரைக்கும் பெரும்பாலும் 55 மில்லிமீட்டர் இடைவெளி கேக்கும், டிஎஸ்எல்ஆரும் டி-ரிங்கும் சேந்தா அது தானா வந்துடும். காலிமேஷனை, அதாவது உள்ள இருக்கற கண்ணாடிங்க ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்காங்கறதை, சாயந்திர வெளிச்சத்துலயே பாத்துடுங்க, கார்ல மலை ரோட்ல குலுங்கி வந்த கண்ணாடி வீட்ல இருந்த மாதிரியே இருக்கும்னு நம்ப வேண்டாம். கண்ணாடி வெளிக்காத்து சூட்டுக்கு வர்றதுக்கும் ஒரு முக்கால் மணி நேரம் விடுங்க.

இப்ப மவுண்ட். நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே ஒரு தனிப் பிரச்சனை இருக்கு, வெளிநாட்டு வீடியோல இதை யாரும் பெருசா சொல்ல மாட்டாங்க. வானம் நகர்ற வேகத்துக்கு டெலஸ்கோப்ப சுத்தற ஈக்வடோரியல் மவுண்டோட அச்சை துருவ நட்சத்திரத்துக்கு நேரா வைக்கணும், நமக்கு அது அடிவானத்துலேர்ந்து 10, 11 டிகிரிதான், தென்னை மரத்துக்குப் பின்னாடியோ பக்கத்து வீட்டு தண்ணி டேங்குக்குப் பின்னாடியோ புழுதியிலயோ மறைஞ்சு கிடக்கும். இன்னொண்ணு, மவுண்டை அவ்வளவு தாழ்வா சாய்ச்சதும் அச்சு கிட்டத்தட்ட படுத்துக்கும், கவுண்டர்வெயிட் தொங்கற பார் சுத்தி வர்றப்ப ட்ரைபாட்டோட வடக்குக் கால்ல போய் இடிக்கும். நானே ஒரு தடவை இடிச்ச சத்தம் கேட்டு எழுந்து ஓடியிருக்கேன். வடக்குப் பக்கம் ஒரு கால் இருக்கறதுக்குப் பதிலா ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கற சந்து வடக்கை பாக்கற மாதிரி ட்ரைபாட்டை திருப்புங்க, மவுண்ட் எந்தப் பக்கம் பாக்கணும்னு ட்ரைபாட் மேல பிடிச்சு வெக்கற சின்ன முளையை சில மாடல்ல கழட்டி மாத்திக்கலாம். முடியலன்னா மவுண்டுக்குக் கீழ ஒரு எக்ஸ்டென்ஷன் பைப் வெச்சு உயத்துங்க. முதல் நாள் பகல்லயே டெலஸ்கோப்ப எம்6 இருக்கப்போற திசைக்கு கையால திருப்பி எங்கயாவது முட்டுதானு பாத்துடறது நல்லது.

துருவ நட்சத்திரம் தெரியலன்னா என்ன பண்றது? லேப்டாப் கொண்டு போறவங்க நீனா சாஃப்ட்வேர்ல இருக்கற மூணு பாயிண்ட் போலார் அலைன்மென்ட்ட யூஸ் பண்ணுங்க, அது வானத்துல எந்தப் பக்கத்தையாவது மூணு படம் எடுத்து நட்சத்திரத்தை அடையாளம் கண்டு அச்சு எவ்வளவு தள்ளி இருக்குனு சொல்லிடும், நீங்க ஸ்க்ரூவை திருகிக்கிட்டே வர வேண்டியதுதான். லேப்டாப் இல்லன்னா பழைய ட்ரிஃப்ட் முறை. தெற்குல உச்சத்துக்கும் வான நடுக்கோட்டுக்கும் பக்கத்துல ஒரு நட்சத்திரத்தை லைவ் வியூல வெச்சு அஞ்சு நிமிஷம் பாருங்க, அது தெற்கே நகந்தா அச்சு கிழக்கே தள்ளி இருக்கு, வடக்கே நகந்தா மேற்கே தள்ளி இருக்கு. அப்புறம் கிழக்குல தாழ்வா ஒரு நட்சத்திரம், அது தெற்கே நகந்தா அச்சு தாழ்ந்திருக்கு, வடக்கே நகந்தா உயந்திருக்கு. ரெண்டையும் மாத்தி மாத்தி சரி பண்ணினா அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்.

இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடுனு கேட்டா ஒரு கணக்கு சொல்றேன். என் செட்டப்புல ஒரு பிக்சல் சுமார் 1 ஆர்க்செகண்ட், ஆர்க்மினிட்டுல அறுபதுல ஒரு பங்கு. மவுண்ட் ஓடாம நின்னா எம்6 ஒரு செகண்டுக்கு 12, 13 பிக்சல் நகந்துடும். அதனால ட்ராக்கிங் இல்லாம இது முடியாது, ஆட்டோகைடிங் (ஒரு நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டே மவுண்டை தானா திருத்தறது) இருந்தா இன்னும் நிம்மதி. 50 மில்லிமீட்டர் கைட் ஸ்கோப்பும் ஒரு சின்ன கேமராவும் பிஹெச்டி2ங்கற இலவச சாஃப்ட்வேரும் போதும். கைடிங் இல்லாதவங்க மனசு விட வேண்டாம், 30 செகண்ட்லயே எடுங்க, நூறுல இருபது முப்பது இழுத்துக்கிட்டு வரும், அதை தூக்கிப் போட்டுட்டு மத்ததை வெச்சுக்கலாம்.

ஃபோகஸ். இதுக்கு பாத்தினோவ் மாஸ்க்னு வரி வரியா வெட்டின ஒரு மூடி வாங்குங்க, விலை கம்மி. டெலஸ்கோப்ப கேட்டை பக்கம் திருப்பி மாஸ்க்கை வாய்ல மாட்டி லைவ் வியூல பத்து மடங்கு பெருசாக்கிப் பாத்தா நட்சத்திரத்தைச் சுத்தி எக்ஸ் மாதிரி ரெண்டு கோடும் நடுவுல ஒரு கோடும் தெரியும், நடுக்கோடு எக்ஸோட சரியான நடுவுல வந்து நிக்கற வரைக்கும் ஃபோகசர் நாப்பை தலைமுடி அளவு திருகணும். வந்ததும் பூட்டு ஸ்க்ரூவை இறுக்குங்க, இறுக்கினதும் திரும்ப ஒரு தடவை பாருங்க, ஏன்னா இறுக்கறப்பவே நகந்துடும். மாஸ்க்கை எடுக்க மறந்துட்டு ஷூட் ஆரம்பிக்கறது நிறைய பேருக்கு நடக்குது, அதனால மாஸ்க்கை கேமரா ரிமோட்டோட ஒரு கயித்துல கட்டி வெச்சிடுங்க. விடிய விடிய சூடு குறையறப்ப ட்யூப் சுருங்கி ஃபோகஸ் மாறும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை சரி பாருங்க.

இப்பதான் முக்கியமான இடம், எக்ஸ்போஷர். நான் முதல் தடவை எம்6 எடுத்தப்ப நெபுலா எடுக்கற பழக்கத்துல ஐஎஸ்ஓ 3200, மூணு மூணு நிமிஷம்னு வெச்சேன். கேமரா ஸ்க்ரீன்ல அட்டகாசமா தெரிஞ்சது, வீட்டுக்கு வந்து லேப்டாப்ல திறந்து பாத்தா எல்லா நட்சத்திரமும் ஒரே மாதிரி வெள்ளை உருண்டை. எம்6ல ஒரு ஓரமா பிஎம் ஸ்கார்ப்பியைனு ஒரு நட்சத்திரம் இருக்கு, ஆரஞ்சு கலர் ராட்சசன், சுத்தி இருக்கறதெல்லாம் நீலமா சூடா இருக்கற நட்சத்திரம். அந்த ஒரு ஆரஞ்சு நீலத்துக்கு நடுவுல நிக்கறதுதான் இந்தக் கொத்தோட அழகே, நான் அதையே அழிச்சுட்டேன். எந்தப் புள்ளி ஆரஞ்சுனு தேடிக் கண்டுபிடிக்கவே முடியல, அன்னிக்கு எனக்கு வந்த வருத்தம் கொஞ்ச நஞ்சம் இல்ல.

ஏன் அப்படி ஆச்சு? சென்சார்ல ஒவ்வொரு பிக்சலும் ஒரு குடம்னு வெச்சுக்கோங்க. சிவப்புக் குடம், பச்சைக் குடம், நீலக் குடம் மூணும் எவ்வளவு எவ்வளவு ரொம்பியிருக்குங்கற வித்தியாசம்தான் நிறம். வெளிச்சம் அதிகமாகி மூணு குடமும் வழிஞ்சுட்டா வித்தியாசம் போச்சு, எல்லாம் வெள்ளை, அதுக்கப்புறம் எந்த சாஃப்ட்வேராலயும் அந்த நிறத்தை கொண்டு வர முடியாது. ஐஎஸ்ஓவை ஏத்தினா வெளிச்சம் ஒண்ணும் அதிகமா வராது, குடம்தான் சின்னதாகுது, சீக்கிரம் வழியுது.

அதனால இப்ப நான் வெக்கறது ஐஎஸ்ஓ 800, 30 செகண்ட். ரா ஃபைல்ல மட்டும், ஜேபெக் வேண்டவே வேண்டாம். ஒரு டெஸ்ட் படம் எடுத்து ஹிஸ்டோகிராம் (எந்த வெளிச்ச அளவுல எத்தனை பிக்சல்னு காட்டற வரைபடம்) பாருங்க, மேடு இடது சுவத்துலேர்ந்து விலகி, மொத்த அகலத்துல கால் பாகம் கிட்ட நின்னா போதும், இடது ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. அப்புறம் படத்தை பெருசாக்கி அந்த ஆரஞ்சு நட்சத்திரத்தைப் பாருங்க, நடுப் புள்ளியில கூட கொஞ்சம் கலர் தெரிஞ்சா நீங்க சரியான இடத்துல இருக்கீங்க. வெள்ளையா இருந்தா 15 செகண்டுக்கு இறங்குங்க. டவுன்லேர்ந்து எடுக்கறவங்களுக்கு 15, 20 செகண்டே மேடு வந்துடும்.

ஒரு படம் குட்டையா இருக்கறதை எண்ணிக்கையில ஈடு கட்டணும். 30 செகண்ட் படம் 120 எடுத்தா ஒரு மணி நேரம். நாலு மடங்கு படம் சேத்தா நாய்ஸ் பாதியாகும்ங்கறது கணக்கு, அதனால பத்து இருபதோட நிறுத்தாதீங்க, அதே சமயம் கொத்துக்கு அஞ்சு மணி நேரம் எல்லாம் தேவையும் இல்ல. டிதரிங் வசதி இருந்தா போடுங்க, ஒவ்வொரு படத்துக்கும் நடுவுல சில பிக்சல் தள்ளி வெக்கும், இல்லன்னா சேத்ததுக்கப்புறம் பின்னணியில சாய்ஞ்ச மழைக்கோடு மாதிரி ஒரு கறை வரும். கைடிங் இல்லாதவங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கைக் கன்ட்ரோலர்ல லேசா ஒரு தட்டு தட்டி நகத்துங்க, அதே பலன்தான்.

பனியை மறந்துடாதீங்க. மார்ச் மாசம் ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு வயல்ல எடுத்துக்கிட்டிருந்தப்ப 4 மணிக்கு மேல நட்சத்திரம் எல்லாம் பூத்த மாதிரி ஆகிடுச்சு, டார்ச்ச அடிச்சுப் பாத்தா செகண்டரி கண்ணாடில ஈரம் படிஞ்சிருக்கு, கடைசி 40 படம் வீண். அதுலேர்ந்து பவர் பேங்க்ல ஓடற ஒரு ட்யூ ஹீட்டர் பட்டையை கூடவே எடுத்துட்டுப் போறேன். ஈரத்தை துணியால துடைச்சுடாதீங்க, கண்ணாடி கீறிடும். வயல்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி அனுமதி வாங்கிக்கோங்க, நடுராத்திரில சிவப்பு லைட் அலையறதைப் பாத்தா யாருக்கும் பயமா இருக்கும், சொல்லிட்டா அவங்களே வந்து ஐபீஸ்ல எட்டிப் பாத்து சந்தோஷப்படுவாங்க.

எடுத்து முடிச்சதும் தூக்கம் கண்ணை இழுக்கும், ஆனா கேலிப்ரேஷன் ஃப்ரேம் (கேமரா, டெலஸ்கோப்போட குறையை அப்புறம் கழிக்கறதுக்கு எடுக்கற படம்) எடுக்காம மூட்டை கட்டாதீங்க. ட்யூபுக்கு மூடி போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே 30 செகண்ட்ல 25 டார்க். இதை அங்கயே எடுக்கறது முக்கியம், ஏன்னா நம்ம ஏப்ரல் சூட்டுல சென்சார் நாய்ஸ் ஏறிக் கிடக்கும், வீட்ல ஏசி ரூம்ல எடுத்த டார்க் பொருந்தாது. அப்புறம் ஃப்ளாட். கிழக்கு வெளுத்ததும் வெள்ளை வேட்டியை நாலா மடிச்சு ட்யூப் வாய்ல சுருக்கமில்லாம இழுத்துக் கட்டி, டெலஸ்கோப்ப தலைக்கு மேல நேரா நிமித்தி, ஹிஸ்டோகிராம் மேடு நடுவுல வர்ற மாதிரி 25 படம். கேமராவை திருப்பாம, ஃபோகஸை தொடாம எடுக்கணும், திருப்பிட்டா சென்சார் மேல இருக்கற தூசி வட்டம் இடம் மாறி ஃப்ளாட் இருந்தும் பிரயோஜனம் இல்ல. கடைசியா மூடி போட்டு கேமரால இருக்கறதுலயே வேகமான ஷட்டர்ல 25 பயாஸ், ஒரே நிமிஷம்.

வீட்ல வந்து ப்ராசஸிங்குக்கு சிரில்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போதும். லைட்ஸ், டார்க்ஸ், ஃப்ளாட்ஸ், பயாசஸ்னு நாலு ஃபோல்டர்ல பிரிச்சுப் போட்டு அதுலயே வர்ற ஸ்க்ரிப்ட்டை ஓட விட்டா எல்லாத்தையும் கழிச்சு, வரிசைப்படுத்தி, ஒரே படமா சேத்துக் குடுக்கும். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு படத்தையும் கண்ணால ஒரு தடவை தட்டிப் பாத்து இழுத்தது, ஏரோப்ளேன் போனது, மேகம் வந்தது எல்லாத்தையும் தூக்கிடுங்க. சேத்த படத்துல ஓரத்தை வெட்டி, பேக்கிரவுண்ட் எக்ஸ்ட்ராக்ஷன் பண்ணி, ப்ளேட் சால்வ் (படத்துல இருக்கறது வானத்துல எந்த இடம்னு சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கறது) பண்ணிட்டு, போட்டோமெட்ரிக் கலர் காலிப்ரேஷன் குடுங்க. இது உங்க படத்துல இருக்கற நட்சத்திரத்தை கேட்டலாக்ல இருக்கற நிறத்தோட ஒப்பிட்டு சரி பண்ணும், கண்ணால உத்தேசமா கலர் திருகறதைவிட ஆயிரம் மடங்கு நம்பலாம்.

ஸ்ட்ரெச் பண்றப்ப, அதாவது இருட்டா இருக்கற படத்தை வெளிச்சமாக்கறப்ப, சாதாரண ஹிஸ்டோகிராம் ஸ்ட்ரெச்சுக்கு முன்னாடி ஆசின்ஹெச் ஸ்ட்ரெச் போடுங்க, அது மங்கலான நட்சத்திரத்தை மேல கொண்டு வர்றப்ப பிரகாசமான நட்சத்திரத்தோட நிறத்தை கலைக்காது. ஆட்டோ ஸ்ட்ரெச்சை அப்படியே சேவ் பண்ணினா நீங்க ராத்திரி முழுக்க காப்பாத்தின கலர் எல்லாம் திரும்ப வெள்ளையாகிடும். சாச்சுரேஷன் கொஞ்சம் ஏத்தலாம், ஆரஞ்சு சிவப்பாகற அளவுக்கு வேண்டாம். பின்னணியை கன்னங்கரேல்னு ஆக்காதீங்க, எம்6 இருக்கறது பால்வீதியோட அடர்த்தியான பகுதி, பின்னாடி மணல் தூவின மாதிரி ஆயிரக்கணக்குல சின்ன நட்சத்திரம் இருக்கு, அது இருக்கறதுனாலதான் முன்னாடி பட்டாம்பூச்சி மிதக்கற மாதிரி தெரியுது. ஸ்டார் ரிடக்‌ஷன் டூல் எல்லாம் கொத்துப் படத்துக்கு எனக்குப் பிடிக்காது, நட்சத்திரம்தான் பொருளே, அதை சுருக்கிட்டு என்னத்தை காட்டப்போறோம்.

அந்த ஆரஞ்சு எப்படி வந்ததுனு தெரிஞ்சா படம் இன்னும் பிடிச்சுப் போகும். கொத்துல இருக்கற எல்லாம் ஒரே வாயு மேகத்துலேர்ந்து ஏறக்குறைய ஒரே சமயத்துல பிறந்தது, சுமார் 10 கோடி வருஷம் முன்னாடி. எடை அதிகமா இருக்கற நட்சத்திரம் எரிபொருளை வேகமா தீத்துடும், தீந்ததும் ஊதிப் பெருத்து மேல்பரப்பு ஆறி ஆரஞ்சாகும். சுமார் 1600 ஒளியாண்டு தூரத்துல இருக்கற ஒரு கொத்துல யாரு முதல்ல முதுமைக்குப் போனாங்கங்கறதை உங்க மாடியிலேர்ந்து எடுத்த படத்துல கலரா பாக்கறீங்க.

இன்னொரு விஷயம், பிஎம் ஸ்கார்ப்பியை ஒரே பிரகாசத்துல இருக்காது, பல நூறு நாள் கணக்குல ஏறி இறங்கும், நல்லா இருக்கறப்ப 5.5 மேக்னிட்யூட் கிட்ட (இந்த எண் கம்மியானா பிரகாசம் அதிகம்), மங்கறப்ப 7 கிட்ட போகும். அதனால படம் எடுத்த தேதி, ஐஎஸ்ஓ, செகண்ட், டெலஸ்கோப் எல்லாத்தையும் ஃபைல் பேர்லயே எழுதி வெச்சிடுங்க, சேக்காத ரா ஃபைலையும் அழிக்காதீங்க. அடுத்த வருஷம் இதே மாசம் அதே செட்டிங்ல பத்து படம் எடுத்து, கொத்துல இருக்கற பிரகாசமான நீல நட்சத்திரத்தோட ஒப்பிட்டு ரெண்டு வருஷத்து படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.